தொட்டிலைத் தாங்கும் தையல்

சில திங்களுக்கு முன்னர்ப் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிற்குப் பணியின் நிமித்தம் சென்றிருந்தோம். அலுவல் முடிந்து புறப்படும் வேளையில், லயத்து வீடொன்றின் வாயிலில் பெண்கள் நால்வர் கூடி நின்று ஒரு துணியை விரித்து ஆராய்ந்து கொண்டிருக்கக் கண்டோம். கட்டம் போட்ட சாரோங் அது. முதல் நாள் மாலை வரை அவ்வீட்டுக் குழந்தைக்குத் தொட்டிலாகத் தொங்கிக் கொண்டிருந்ததாம். திடீரென்று பக்கவாட்டில் ஒரு முழ நீளத்திற்கு வாய் பிளக்கவே, 8 மாதக் குழந்தை வழுவிக் கீழே விழுந்துவிட்டது. நல்ல வேளையாகக் கீழே மெத்தை விரித்திருந்தார்கள். நெற்றியில் சிறு வீக்கத்தோடு போயிற்று.

"துணி புதுசுங்க ஐயா, தீபாவளிக்கு வாங்கினது" என்று குழந்தையின் தாயார் மீண்டும் மீண்டும் கூறினார். மாமியார் கடைக்காரரைக் குறை சொன்னார். அண்டை வீட்டு அம்மாளோ, எல்லாம் அந்த ஸ்பிரிங் செய்த வேலை என்றார். நாமும் துணியை வாங்கிப் பார்த்தோம். தாயார் கூறியது முற்றிலும் உண்மையே. துணியில் ஒரு நூல்கூட அறவில்லை. வெட்டிய இரு முனைகளையும் இணைத்திருந்த தையல்தான் விட்டுப் போயிருந்தது. துணி புதிதாக இருந்தமையால், தையலைப் பற்றி எவரும் எண்ணவே இல்லை.

முன்னாளில் வகுப்பறையில் நின்ற பழக்கம் நம்மை விடுவதாயில்லை. ஆகவே இத்திங்கள், துணி எவ்வாறு எடையைத் தாங்குகிறது, தையல் எவ்வாறு தாங்குகிறது, எங்கே இரண்டும் கைவிடுகின்றன என்பதனைச் சற்று விரிவாகவே காண்போம். கையில் சிறிது பஞ்சும், ஒரு பழந்துணியும் வைத்துக் கொண்டு படித்தல் நலம்.

இழையும் முறுக்கும்

மருந்துக் கடையில் விற்கும் பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து, இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். எவ்வித எதிர்ப்புமின்றிப் பிரிந்து வரும். அதே அளவு பஞ்சை மீண்டும் எடுத்து, விரல்களுக்கிடையே நன்றாக முறுக்கித் திரியாக்கிய பின் இழுங்கள். இப்போது எளிதில் வாராது. பஞ்சு அதே பஞ்சுதான். பசை ஏதும் நாம் சேர்க்கவில்லை. முறுக்கு ஒன்றே சேர்ந்தது.

பருத்தி இழை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே உடையது. ஒரு சில கிராம் எடையைத் தொங்கவிட்டாலே அறுந்துவிடும். இத்தகைய குட்டை இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒன்றன் முனை முடியுமிடத்தில் மற்றொன்று தொடர்ந்து செல்ல, நீண்ட நூல் உருவாகிறது. நூலின் ஒரு முனை முதல் மறுமுனை வரை செல்லும் இழை ஒன்றுகூட அதில் இல்லை. பின் எது பிடித்து நிறுத்துகிறது? உராய்வு. முறுக்கிய நூலை இழுக்கும்போது, வெளிப்புறத்து இழைகள் உட்புறத்து இழைகளைச் சுற்றி வளைத்து நெருக்குகின்றன. இழுப்பு மிக மிக நெருக்கமும் மிகும். நெருக்கம் மிகும்போது இழைகள் ஒன்றையொன்று விட்டு நழுவ இயலாது. மாட்டுக் கயிற்றை மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடித்துக் கொண்டால், சிறுவன் ஒருவனே பெரிய காளையை நிறுத்திவிடுகிறான் அல்லவா? அதே செயல்தான் கண்ணுக்குத் தெரியாத அளவில் நூலுக்குள் நிகழ்கிறது.

எல்லாப் பஞ்சும் இதற்கு உதவாது. நம் தலையணைகளில் அடைக்கும் இலவம் பஞ்சை, மலாய் மொழியில் கெக்காபு எனப்படுவதை, இதே போல முறுக்கிப் பாருங்கள். திரி உருவாவது போல் தோன்றும். இழுத்ததும் வழுக்கிக் கொண்டு போய்விடும். இலவம் இழை உருளை போல் மழமழப்பானது, மேலே மெழுகுப் பூச்சும் உடையது. பருத்தி இழையோ காய் வெடித்து உலரும்போது தட்டையாகச் சுருங்கி, நாடாவைத் திருகினாற்போல் ஆங்காங்கே தானே முறுகிக் கொள்கிறது. அம்முறுகல்கள் ஒன்றோடொன்று மாட்டிக் கொள்வதாலேயே அதனை எளிதில் நூற்க முடிகிறது. இலவு காத்த கிளியைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இலவை நூற்கப் புகுந்தவன் கதையும் ஏறக்குறைய அதுவே.

முறுக்கிற்கும் ஓர் அளவு உண்டு. மிகையாக முறுக்கினால் நூல் சுருண்டு முடிச்சு விழும். இழைகள் மிகவும் சாய்ந்து விடுவதால் வலிமையும் குறையத் தொடங்கும். அதனாலேயே தையல் நூலைத் தனி இழையாக விடாமல், இரண்டு அல்லது மூன்று புரிகளை எதிர்த் திசையில் சேர்த்து முறுக்குகின்றனர். ஒரு புரி பிரிய முயலும்போது கூட்டு முறுக்கு அதனைப் பிரியவிடாது. வீட்டிலுள்ள தையல் நூலை எடுத்து, முறுக்கின் எதிர்ப்பக்கமாகத் திருகிப் பாருங்கள். புரிகள் பிரிந்து கண்ணுக்குத் தெரியும்.

பாவும் ஊடையும்

நெசவுத் தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்படுபவை பாவு நூல்கள். அவற்றின் குறுக்கே மேலும் கீழுமாகப் புகுந்து செல்வது ஊடை நூல். பாவு நூல்கள் தறியின் இழுப்பையும் உராய்வையும் நெடுநேரம் தாங்க வேண்டியிருப்பதால், அவற்றைச் சற்று உறுதியாக முறுக்கிக் கஞ்சியும் இடுவர். ஆதலால் பெரும்பாலான துணிகள் குறுக்குவாட்டத்தைக் காட்டிலும் நீளவாட்டத்தில் வலிமை மிக்கவை. துணியின் நெய்த கரை எத்திசையில் ஓடுகிறதோ அதுவே பாவின் திசை. இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

நெசவிலும் பசை இல்லை. ஊடை நூல் ஒவ்வொரு பாவு நூலையும் தாண்டும்போது சிறிது வளைகிறது, பாவும் வளைகிறது. அச்சந்திப்புகள் ஒவ்வொன்றிலும் நூலும் நூலும் அழுந்திக் கொள்கின்றன. ஒரு கைக்குட்டைக்குள் இத்தகைய சந்திப்புகள் இலட்சக் கணக்கில் உள்ளன. ஒரு நூலின்மேல் விழும் பாரம் இச்சந்திப்புகளின் வழியாக அக்கம்பக்கத்து நூல்களுக்குப் பகிர்ந்து போகிறது. "ஒற்றுமையே பலம்" என்று மேடையில் பேசுவோர் துணியை உவமை காட்டுவதுண்டு. அந்த உவமையை அவர்களுக்கே விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது, பாரம் எப்போது பகிரப்படாமற் போகிறது என்பதே.

பட்டு ரவிக்கையின் முதுகுப்புறத்தைப் பார்த்திருப்பீர்கள். தையல் அறாது, துணியும் கிழியாது. ஆயினும் தையலோரத்தில் நூல்கள் விலகி ஏணிப்படி போல இடைவெளி தெரியும். பட்டு நூல் வழவழப்பானதால், தையல் பிடித்திருந்த நூல்கள் மற்றவற்றின்மீது சறுக்கிக் கொண்டு நகர்ந்து விடுகின்றன. இதற்கு வலிமையான தையல் நூலை இட்டுப் பயனில்லை. உள்ளே துணி கூட விட்டுத் தைப்பதும், உள்துணி கொடுத்துத் தைப்பதும், உடம்பை இறுக்கிப் பிடிக்காதபடி அளவெடுப்பதுமே வழி. மூன்றாவதை மட்டும் எந்தத் தையற்காரரும் வாடிக்கையாளரிடம் துணிந்து சொல்வதில்லை.

பின்னலாடை முற்றிலும் வேறு அமைப்பு. நாம் அணியும் டீ-சட்டையில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து நிற்கிறது. இழுத்தால் கண்ணிகள் உருமாறி இடங்கொடுக்கும், விட்டால் பழைய நிலைக்கு மீளும். அதனாலேயே டீ-சட்டையைச் சாதாரணத் தையல் இயந்திரத்தில் நேர்த்தையல் போட்டால் சில நாளில் தையல் தெறித்து விடுகிறது. துணி நீள்கிறது, தையல் நீள்வதில்லை. வளைந்து வளைந்து செல்லும் தையல் போடுவதே அதற்கு ஏற்றது.

அறுதல் வேறு, கிழிதல் வேறு

ஒரு கைக்குட்டையின் இரு ஓரங்களையும் இருவர் பற்றி இழுத்தாலும் அதனை அறுக்க முடியாது. ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு வெட்டிவிட்டால், குழந்தைகூட 'சர்'ரென்று கிழித்து விடும். துணியின் வலிமையில் நாம் குறைத்தது நூற்றில் ஒரு பங்குகூட இராது. பின் ஏன் இந்த வேறுபாடு?

முழுத் துணியை இழுக்கும்போது நூற்றுக் கணக்கான நூல்கள் ஒரே சமயத்தில் பாரத்தை ஏற்கின்றன. வெட்டு விழுந்த துணியிலோ, வெட்டின் முனையில் நிற்கும் ஓரிரு நூல்கள்மீதே முழு இழுப்பும் வந்து விழுகிறது. அவை அறும். அடுத்த இரண்டு முன்னுக்கு வரும், அவையும் அறும். நூறு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மரத்தை ஒவ்வொருவராக வந்து தூக்கச் சொன்னாற்போல.

கிழிசல் என்பது எப்போதும் ஒரு முனையிலிருந்தே புறப்படும் என்பதனை அறிந்தால், அதனைத் தடுக்கும் வழியும் தெரியும். சட்டைப் பையின் மேல்முனை, கால்சட்டையின் பிளவு முடியும் இடம், பொத்தான் துளையின் ஓரம் ஆகியவற்றில் தையற்காரர் நூலைக் குறுக்கே பலமுறை ஓட்டி இறுக்குவது இதற்காகவே. அமெரிக்காவில், நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர், உழைப்பாளிகளின் கால்சட்டைப் பைகள் மூலையில் கிழிந்து போவதைத் தடுக்க அம்மூலைகளில் சிறு செப்பு ஆணிகளை அடித்துக் கொடுத்தார். துணி வணிகர் லீவை ஸ்டிராஸுடன் சேர்ந்து 1873ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று இளைஞர்கள் அழகுக்கென்று அணியும் ஜீன்ஸில் காணும் அந்த ஆணிகள், சுரங்கத்திலும் காட்டிலும் உழைத்தவர்களுக்காகத் தோன்றியவை.

ஒட்டுப் போடும்போதும் இதே விதி செல்லும். ஒட்டுத் துணியின் மூலைகளைச் சதுரமாக விடாமல் வளைத்து வெட்டுங்கள். கிழிசலின் அளவோடு நில்லாமல், நைந்த பகுதியைத் தாண்டி நல்ல துணி தொடங்கும் இடம் வரை ஒட்டு செல்ல வேண்டும். ஒட்டின் பாவும் துணியின் பாவும் ஒரே திசையில் அமைய வேண்டும். இழையோட்டுவோர் நூலின் திருப்பங்களை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தாமல், ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் விடுவதைக் கவனித்திருக்கலாம். நேர்க்கோட்டில் நிறுத்தினால் அக்கோட்டிலேயே மறு கிழிசல் விழும்.

உரமூட்டை கற்பிக்கும் பாடம்

உரமூட்டை பிரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு நாம் அடுத்துக் கூறப் போவது எளிதில் விளங்கும். 50 கிலோ மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலில், சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் ஒரே இழுப்பில் உருவிக் கொண்டு வந்துவிடும். மாறான முனையைப் பிடித்தால், எவ்வளவு இழுத்தாலும் இறுகுமேயன்றி வாராது. அவ்வேளையில் கத்தியைத் தேடுவோரே அதிகம்.

அது சங்கிலித் தையல். ஒரே நூலால் ஆனது. ஊசி துணியின் வழியே கொண்டு செல்லும் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்து வரும் கண்ணி உள்ளே புகுந்து பிடித்துக் கொள்கிறது. ஆனால் கடைசிக் கண்ணியைப் பிடிக்க அடுத்ததொன்று இல்லை. அதனை விடுவித்தால் அதற்கு முந்தையது விடுபடும், பின் அதற்கு முந்தையது. மூட்டை பாரத்தையும் தாங்க வேண்டும், காட்டில் ஆயுதமின்றிப் பிரிக்கவும் வர வேண்டும் என்பதால், அத்தையலை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துள்ளனர். மூட்டைக்கு அது குணம். தொட்டிலுக்கு அதுவே கேடு.

பேராக்கில் நாம் கண்ட சாரோங்கின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது, வரிசையாகச் சங்கிலிக் கண்ணிகள் தெரிந்தன. நடுவில் எங்கோ ஒரு தையல் அறுந்திருக்கிறது. அறுந்த இடமே புதிய முனையாகி, அங்கிருந்து தையல் தொடங்கிய ஓரம் வரை உருவிக் கொண்டு போயிருக்கிறது. இடுப்பில் உடுத்துவதற்கு அத்தையல் போதும். அதில் ஓர் உயிர் தொங்கும் என்று அதனைத் தைத்தவர் எண்ணியிருக்க மாட்டார்.

பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தலெமி திமோனியே 1830ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற தையல் இயந்திரமும் சங்கிலித் தையலையே போட்டது. தம் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் அவருடைய பாரிஸ் பட்டறையுள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினர் என்பது வரலாறு. அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இயந்திரமே இரண்டு நூல்களால் பூட்டுத் தையல் இட்டது. பின்னர் சிங்கர் முதலியோர் அதனைத் திருத்தி உலகெங்கும் பரப்பினர். கறுப்பு உடலில் பொன்னெழுத்துப் பொறித்த அந்தச் சிங்கர் இயந்திரம் இன்றும் சில தோட்டத்து வீடுகளில் ஓடிக் கொண்டிருப்பதைக் காண்கிறோம்.

பூட்டுத் தையல் நிகழும் விதத்தைக் காண விரும்புவோர், பாபின் மூடியைத் திறந்து வைத்துச் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தையல் இயந்திர ஊசியின் கண் அதன் கூர்முனையில் இருக்கிறது. ஊசி மேல்நூலுடன் துணியைத் துளைத்துக் கீழே போய், சற்றே மேலெழும்புகிறது. அப்போது துணியின் உராய்வால் தடைப்பட்ட நூல் மேலே ஏற முடியாமல் ஒரு சிறு கண்ணியாகப் புடைத்து நிற்கும். சுழன்று வரும் கொக்கி அக்கண்ணியைக் கவ்வி, பாபின் முழுவதையும் அது சுற்றி வரும்படி செய்கிறது. மேல்நூலும் கீழ்நூலும் இவ்வாறு ஒன்றையொன்று கோத்துக் கொள்ள, அக்கோப்பு துணியின் நடுக்கனத்தில் போய்ப் பதிகிறது. ஒவ்வொரு தையலும் தனித்தனிப் பூட்டு. ஒன்று அறுந்தாலும் அதன் அண்டையில் ஓரிரண்டு தளருமே தவிர, வரிசை முழுவதும் உருவிக் கொண்டு போகாது.

கோப்பு நடுக்கனத்தில் விழாமல் மேலோ கீழோ இழுபட்டால், ஒரு நூல் நேர்க்கோடாகக் கிடக்கும், மற்றது அதன்மேல் கண்ணி கண்ணியாக நிற்கும். அத்தையல் வலுவற்றது. எந்த நூல் மிகை இறுக்கம் என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மேலே ஒரு நிறம், கீழே வேறு நிறமென நூல் இட்டு, மூலைவாட்டாக வெட்டிய இரட்டைத் துணியில் ஒரு கோடு தைத்து, தையலின் இரு முனைகளையும் பற்றி வெடுக்கென்று இழுங்கள். எந்த நிறம் அறுகிறதோ அந்த நூலே மிகையாக இறுக்கப்பட்டுள்ளது. இரண்டும் சேர்ந்து அறுந்தால் இயந்திரம் சமநிலையில் உள்ளது.

நெருக்கமாகத் தைத்தால் வலிமை மிகும் என்று எண்ணுவோர் பலர். ஓரளவிற்கே அது உண்மை. ஊசி ஒவ்வொரு முறையும் ஒரு துளை இடுகிறது. அஞ்சல் தலைத் தாளை நினைத்துக் கொள்ளுங்கள். வரிசைத் துளைகள் கிழிப்பதற்காகவே இடப்படுகின்றன. சாதாரணப் பருத்தித் துணிக்குச் சென்டிமீட்டருக்கு 4 தையல் பொருத்தமானது. மொட்டை ஊசி நூல்களை விலக்கிச் செல்லாமல் வெட்டிவிடும். ஆதலால் அவ்வப்போது ஊசியை மாற்றவும் வேண்டும்.

அந்தச் சாரோங்கை எவ்வாறு தைப்பது?

கட்டம் போட்ட இச்சாரோங்கை மலாய் மக்கள் 'காயின் பெலிக்காட்' என்பர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடே. சென்னைக்கு வடக்கே உள்ள அக்கடற்கரை ஊரில் டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கிழக்குத் தீவுகளுக்கு ஏற்றுமதி செய்தனர். ஊர்ப் பெயர் துணிக்கு நிலைத்துவிட்டது.

ஏறத்தாழ 2 மீட்டர் துணியின் வெட்டிய முனைகள் இரண்டையும் இணைத்துக் குழாய் போலாக்கினால் சாரோங். கரைகள் மேலும் கீழும் அமையும். இதனைத் தொட்டிலாகத் தொங்கவிடும்போது, பாரம் சுற்றுவாட்டத்தில், அதாவது பாவின் திசையில் விழுகிறது. இது நல்லதே, பாவு வலியது. ஆனால் அந்தச் சுற்று ஓரிடத்தில் தையலைக் கடந்தே ஆக வேண்டும். தொட்டிலின் இருபுறமும் பாதிப் பாதியாக எடையை ஏற்பதால், 8 கிலோ குழந்தையின் பாதி எடை அத்தையலின்மீது விழும். ஸ்பிரிங் துள்ளும்போது அது இன்னும் மிகும். துணி கொசுவி நிற்பதால் தையல் முழுவதும் சமமாக இழுபடுவதும் இல்லை. குழந்தைக்கு நேரே உள்ள சில தையல்களே பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. பழைய சேலையைத் தூலத்தில் கட்டித் தொட்டிலாக்கிய நம் பாட்டிமார்களுக்கு இச்சிக்கல் எழவில்லை. சேலையின் நீளவாட்டத்தில் தையலே கிடையாது. முன்னாளில் ஆயாக் கொட்டகைகளில் வரிசையாகத் தொங்கிய சேலைத் தொட்டில்களுக்கு இருந்த இடையூறு வேறு. அது துணியின் பழமை.

மேலும் ஒன்று. அந்தச் சாரோங்கில் தையல், வெட்டு விளிம்பிலிருந்து ஒரு நெல்மணி நீளம்கூட உள்ளே இல்லை. தையலுக்கும் விளிம்புக்கும் இடையே நிற்கும் சில ஊடை நூல்களே பாவு முனைகள் உருவிக் கொண்டு வெளியேறாமல் தடுப்பவை. அந்நூல்கள் குறைந்தால் தடுப்பும் குறையும். ஆகவே பழைய தையலை முழுதும் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைப்பதே முறை. அதன்மேலேயே இன்னொரு கோடு ஓட்டுவதில் பயன் சிறிது.

இரு முனைகளையும் உட்புறம் உட்புறத்தோடு சேருமாறு வைத்து, ஒன்றை மற்றதைவிட 1 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக் கொள்ளுங்கள். குறுகிய விளிம்பிலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே முதல் கோட்டைத் தையுங்கள். நீண்ட விளிம்பைக் குறுகியதன்மேல் மடித்து மூடி, முழுவதையும் ஒரு பக்கமாகப் படிய வைத்துத் தேய்த்து, மடிப்பின் ஓரத்தில் இரண்டாம் கோட்டைத் தையுங்கள். விரல்களை மடக்கி இரு கைகளையும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போல் மாட்டிப் பிடித்தாற்போல, துணியின் இரு முனைகளும் இப்போது ஒன்றையொன்று பற்றி நிற்கும். பாரம் நூலின்மீது மட்டும் விழாமல், மடிப்புகளின் உராய்விலும் பகிரப்படும். வெட்டு விளிம்பும் உள்ளே மறைந்து விடுவதால் பிசிறு வராது. பாலியெஸ்டர் நூல் நன்று. தொடக்கத்திலும் முடிவிலும் நான்கைந்து தையல் பின்னோக்கி ஓட்டிப் பூட்டுங்கள்.

இயந்திரம் இல்லாத வீடுகளில் கையால் தைக்கலாம். ஆனால் ஓட்டுத் தையல் வேண்டா. அதில் ஒரு பக்கத்தில் பாதி இடம் நூலின்றி வெறுமையாகவே இருக்கும், நூல் ஓரிடத்தில் அறுந்தால் எளிதில் உருவிவிடும். ஊசியை ஒரு தையல் பின்னே குத்தி இரு தையல் முன்னே எடுக்கும் கெட்டித் தையலே ஏற்றது. அதில் ஒவ்வொரு தையலும் முந்தையதன் முனையைத் தொட்டு நிற்கும்.

துணியையும் சோதித்துப் பாருங்கள். வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் நைந்த இடங்கள் மெலிந்து ஒளிவிடும். இரு கட்டை விரல்களையும் அடுத்தடுத்து வைத்து அழுத்தி விரித்தால், உளுத்த துணி மெல்லிய ஒலியோடு விட்டுப் போகும். வெயிலில் நெடுநாள் கிடந்த துணியும், சலவைக் காரம் மிகுந்த துணியும், பேட்டரி அமிலம் தெறித்த துணியும் பார்வைக்கு நன்றாக இருந்தே ஏமாற்றும். பருத்தி ஈரத்தில் சிறிது வலிமை கூடும் இயல்புடையது. ரேயான் அதற்கு நேர்மாறு. நனைந்தால் பாதியளவு வலிமையை இழந்துவிடும். கடைகளில் விற்கும் மென்மையான பாத்தேக் துணிகள் பலவும் ரேயானே. குழந்தை இரவில் நனைக்கும் என்பது எந்தத் தாய்க்கும் தெரிந்ததே. ஆகவே தொட்டிலுக்கு ரேயான் ஆகாது. ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் தொட்டிலுக்கு நைலான் கயிறு கட்டுவோர், பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலப் புட்டிகளை அருகே வையாதீர்கள். நீர் கலவாத அந்த அமிலம் நைலானைக் கரைத்துவிடும்.

இரண்டு சாரோங்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக இட்டுக் கட்டுவது நல்ல வழக்கம். அவ்வாறு கட்டும்போது இரு தையல்களும் ஒரே இடத்தில் வாராமல், ஒன்று வலப்புறமும் மற்றது இடப்புறமுமாக விடுங்கள். குழந்தைக்கு அடியிலோ கயிற்று முடிச்சுக்குள்ளோ தையல் மறைந்திருக்கக் கூடாது. நாள்தோறும் கண்ணில் படும்படி பக்கவாட்டில் இருக்கட்டும். குழந்தை எழுந்து உட்காரவோ பிடித்துக் கொண்டு நிற்கவோ தொடங்கிவிட்டால், தையல் எவ்வளவு வலிதாயினும் தொட்டிலை விட்டு இறக்கிவிடுவதே சரி.

அன்று அவ்வீட்டில் இயந்திரம் இருந்தது. அண்டை வீட்டு அம்மாளே சாரோங்கைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். மீண்டும் கட்டிய தொட்டிலில் குழந்தையை உடனே இட வேண்டாம், அதன் எடையைப் போல் இருமடங்கை முதலில் ஏற்றிப் பாருங்கள் என்றோம். 10 கிலோ அரிசிப் பைகள் இரண்டை மாமியார் உள்ளே இட்டு ஆட்டத் தொடங்கினார். தையலில் நூல் விலகுகிறதா என்று நாமும் குனிந்து பார்த்துக் கொண்டிருந்தோம். குழந்தையின் நான்கு வயது அண்ணன், அரிசிப் பைகளுக்குத் தாலாட்டுப் பாடிக் கொண்டிருந்தான்.